பார்த்துப் பார்த்து இடித்தவன்

"பன்னிரண்டு மணிக்கு என் ஆளு சுத்தியல எடுத்துடுவான். அதுக்குள்ள பார்க்க வேண்டியதைப் பார்த்துக்குங்க" என்று கறாராகச் சொன்னார் ஒர்க்ஷாப் முதலாளி.

"மணி இப்ப பத்தே முக்கால்தானே? ஒண்ணேகால் மணி நேரத்துல என் மாமியார் ஒரு கல்யாணத்தையே பேசி முடிச்சு, சம்பந்தியோட சண்டையும் போட்டுட்டு வந்துடுவாங்க. இந்த வேன் எம்மாத்திரம்?" என்றான் லொடலொடா.

முதலாளி சிரிக்கவில்லை. சர்வேயரம்மாவும் சிரிக்கவில்லை. அவர் சிரித்து யாரும் பார்த்ததில்லை. அதற்காக லொடலொடா ஜோக்கடிப்பதை நிறுத்தியதும் இல்லை.

லொடலொடா என்பது பெற்றவர்கள் வைத்த பெயரா என்ன? போல்ட் கழன்ற பம்பர் மாதிரி ஓயாமல் சத்தம் போடுகிறான் என்று, கூட வேலை பார்த்த டிங்கர்கள் வைத்த பெயர். பதினைந்து வருஷம் நசுங்கிய தகரத்தை நிமிர்த்தியவன். மணிக்கட்டு மக்கர் பண்ணியதும் சுத்தியலை வைத்துவிட்டு, கேமராவைத் தூக்கிக்கொண்டு சர்வேயரம்மாவிடம் வந்து சேர்ந்தான். ஐந்து வருஷம் ஓடிவிட்டது.

இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக இடிபட்ட வண்டிகளைப் பார்வையிட்டு, என்ன சேதம், எப்படி வந்தது என்று எழுதிக் கொடுப்பது அம்மாவின் தொழில். அவர் கையெழுத்துப் போடும்வரை யாரும் ஒரு திருகாணியைக்கூடத் தொடக் கூடாது. ஆனால் அவருடைய மூக்கு சேதத்தோடு நிற்கிற மூக்கா? அது எங்கெங்கோ நுழையும். அப்படி நுழைந்ததில் இதுவரை ஏழு பேர் கம்பி எண்ணியிருக்கிறார்கள். இன்றைக்கு நிலைமை தலைகீழ். கம்பிக்குப் பின்னால் ஏற்கெனவே ஒருவன் இருந்தான். அவன் அங்கே இருக்க வேண்டியவன்தானா என்பதுதான் கேள்வி.

செவ்வாய்க்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு, சைக்கிளில் போன பள்ளிக்கூட வாத்தியார் ஒருவரை ஒரு வெள்ளை வேன் தூக்கி அடித்துவிட்டு நிற்காமல் பறந்துவிட்டது. தெரு பெருக்கிக்கொண்டிருந்த ஒருத்தி பார்த்தாள். வேனின் பக்கவாட்டில் சிவப்பு எழுத்தில் பேக்கரியின் பெயர். ஒன்பது மணிக்குப் போலீஸ் பேக்கரிக்குப் போனபோது, முன்பக்கம் நசுங்கிய இந்த வேன் முற்றத்திலேயே நின்றது. பானெட்டில் கறுப்பாக ரப்பர் தடம். சைக்கிள் டயர் உரசிய தடம் என்று எழுதிக்கொண்டு, நாலு போட்டோ எடுத்துக்கொண்டு, டிரைவரைக் கூட்டிப் போய்விட்டார்கள். வாத்தியார் ஆஸ்பத்திரியில் இன்னும் கண் திறக்கவில்லை. பேக்கரிக்கு வண்டி வேண்டும் என்று அதன் முதலாளி கேட்டதால், வேனை மட்டும் நேற்று விட்டுவிட்டார்கள். வண்டிக்கு ஜாமீன் கிடைத்துவிட்டது, ஓட்டினவனுக்குக் கிடைக்கவில்லை. டிரைவரின் ஜாமீன் மனு இன்று மூன்று மணிக்கு.

டிரைவரின் மனைவி ஒர்க்ஷாப் வாசலில் பழைய டயர் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள். தையல்காரி. கழுத்தில் அளவெடுக்கும் நாடா அப்படியே தொங்கியது. போட்டது போட்டபடி கிளம்பி வந்திருக்கிறாள் என்று தெரிந்தது. அவர்கள் உள்ளே நுழையும்போதே லொடலொடாவின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, திங்கக்கிழமை சாயங்காலம் வண்டியை முழுசா நிறுத்திட்டுத்தான் அவர் பஸ்ல வந்தார். செவ்வாக்கிழமை அஞ்சு மணிக்கு என் பக்கத்துல குறட்டை விட்டுக்கிட்டு இருந்தார். ஏழு மணிக்கு டியூட்டிக்குப் போனப்பவே வேன் நசுங்கித்தான் இருந்துச்சாம். பொண்டாட்டி பேச்சை யாரு சாட்சியா எடுத்துக்குவாங்க? நீங்கதாண்ணே அம்மாகிட்ட எடுத்துச் சொல்லணும்."

"குறட்டைக்கு நான் சாட்சி இல்லம்மா. ஆனா எங்க மேடம் கண்ணுல பட்டா தகரமே சாட்சி சொல்லும். நீ தைரியமா இரு" என்று சொல்லிவிட்டுத்தான் வந்திருந்தான். சொல்லும்போது அவனுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"என் தம்பி எங்க? ஆளையே காணோம்?" என்று கேட்டான் ஒர்க்ஷாப் முதலாளியிடம். அவன் தம்பி இந்த ஷெட்டில்தான் டிங்கர்.

"செவ்வாக்கிழமையிலேருந்து லீவு. காய்ச்சலாம். போன் பண்ணினா எடுக்கவும் மாட்டேங்கிறான்."

"கைக்குழந்தைக்காரன். ராத்திரியெல்லாம் முழிச்சிருந்து சளி பிடிச்சிருக்கும்" என்றான் லொடலொடா. அதற்குமேல் அதை நினைக்கவில்லை.

ஷெட்டின் ஓரத்தில் பேக்கரி முதலாளி பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து கால் ஆட்டிக்கொண்டிருந்தார். வெள்ளைச் சட்டை, மடிப்புக் கலையாதது.

"எதுக்கும்மா இவ்வளவு நேரம்? டிரைவர் இடிச்சான், போலீஸ் பிடிச்சிருச்சு. நீங்க ஒரு கையெழுத்துப் போட்டா வேலை ஆரம்பிப்பாங்க. ஒரே வண்டியில நான் எத்தனை கடைக்கு ரொட்டி அனுப்புறது?"

"ஒரே வண்டியா?" என்று கேட்டார் சர்வேயரம்மா, பானெட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

"ரெண்டு இருக்கு. ரெண்டும் ஒரே மாதிரி வேன். இன்னொண்ணை என் மருமகன் ஓட்டிக்கிட்டு வெளியூர் போயிருக்கார்."

"எப்ப போனார்?"

"அது... ஞாயித்துக்கிழமை."

அம்மா தலையை ஆட்டிவிட்டுக் குனிந்துகொண்டார். லொடலொடா கேமராவைத் தூக்கினான்.

"எல்லாரும் சிரிங்க. வேன், நீயும் சிரி. உனக்கு ஒரு பல்லு போயிருக்கு, பரவாயில்லை" என்று உடைந்த ஹெட்லைட்டைப் பார்த்துச் சொல்லிவிட்டு முதல் போட்டோவை எடுத்தான்.

"அந்த ஹெட்லைட்டைக் கொஞ்சம் அசைச்சுப் பாரு."

அசைத்தான். அது அசையவில்லை. "கெட்டியா இருக்கு மேடம். அரசாங்க நாற்காலி கெட்டுச்சு போங்க."

"அதான் கேக்குறேன். ஒரு ஆளையும் சைக்கிளையும் தூக்கி அடிச்ச வண்டி. கண்ணாடி தூள்தூளாப் போயிருக்கு. பின்னாடி பிடிச்சுக்கிட்டு இருக்கிற பிளாஸ்டிக் கிளிப்பு மூணும் எப்படி இருக்கு?"

லொடலொடா விரலை விட்டுத் தடவினான். "மூணும் முழுசா இருக்கு!"

"நீ பதினஞ்சு வருஷம் வேலை பார்த்திருக்கே. முன்னாடி இடிபட்டு கிளிப்பு உடையாத ஹெட்லைட்டை எப்பவாவது பார்த்திருக்கியா?"

"கனவுல கூடப் பார்த்ததில்லை. கிளிப்புதான் மேடம் முதல்ல போகும். சம்பளம் வந்த அன்னிக்கு என் பர்ஸ் எப்படியோ, அப்படி."

"அப்ப கண்ணாடியைக் கழட்டி, வெளிய வெச்சு உடைச்சு, திரும்ப மாட்டியிருக்காங்க." அம்மா பானெட்டைத் தூக்கினார். உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு மெல்ல மூடினார். "ரேடியேட்டர்ல ஒரு கீறல் இல்லை. பானெட் பூட்டு அழகா விழுது. சரி, பள்ளத்தைப் பாரு. எங்க விழுந்திருக்கு?"

வலப்பக்கம், பானெட்டின் சமதளமான பகுதியில், ஒரு பெரிய தட்டு அளவுக்குப் பள்ளம். அதன் ஓரத்தில் இன்னும் இரண்டு சின்னப் பள்ளங்கள். பானெட்டின் குறுக்கே ஓடும் மடிப்புக்கு இரண்டு விரல் இடைவெளியில் மூன்றும் நின்றுவிட்டன.

மடிப்பு என்றால் டிங்கர்களுக்குக் கிலி. சமதளம் நசுங்கினால் அரை நாளில் நிமிர்த்திவிடலாம். மடிப்பு நசுங்கினால் மூன்று நாள் முதுகு ஒடியும். அப்படியும் பழைய கோடு வராது.

"பெயின்ட் கூட வெடிக்கலை. மடிப்பைத் தொடலை, பூட்டைத் தொடலை, ரேடியேட்டரைத் தொடலை. ரிப்பேர் பண்றவனுக்குக் கஷ்டம் வரக்கூடாதுன்னு பார்த்துப் பார்த்து இடிச்ச மாதிரி இருக்கு" என்றார் சர்வேயரம்மா தாழ்ந்த குரலில். "விபத்துக்கு அவ்வளவு நல்ல மனசு ஏது? இதை இடிச்சது வாத்தியார் இல்லை. நாளைக்கு இதைத் தானேதான் நிமிர்த்தணும்னு தெரிஞ்ச ஒருத்தன். ஒரு டிங்கர்."

"அடடா! என் இனத்துக்கே இப்படி ஒரு மரியாதை!" என்று சிரித்துக்கொண்டே லொடலொடா கேமராவோடு பள்ளத்தின்மேல் குனிந்தான்.

குனிந்தவன் நிமிரவில்லை.

போலீஸ் எழுதிக்கொண்டு போன கறுப்புத் தடம் கண்ணுக்கு நேராக இருந்தது. சைக்கிள் டயராம்! டயர் என்றால் நீளமாக இழுத்திருக்காதா? இது கட்டை விரல் நீளத்துக்கு மூன்று மூன்று கோடுகள். ஒன்றின்மேல் ஒன்று ஏறினாற்போல், சரிவாக. ஒவ்வொரு பள்ளத்திலும் அதே மூன்று.

இந்தக் கோடுகளை அவனுக்குத் தெரியும். தெரியுமா? அவனுடைய சொந்தக் கண்டுபிடிப்பே இதுதான். எல்லா டிங்கரும் பெயின்ட் வெடிக்காமல் இருக்க மரச் சுத்தியால் தட்டுவார்கள். அவன் மட்டும் இரும்புச் சுத்தியலின் முகத்தில் பழைய சைக்கிள் டியூப்பை மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டுவான். அடி மெத்தென்று விழும், பெயின்ட் பிழைக்கும், கறுப்புக் கோடு மட்டும் ஒட்டும். மண்ணெண்ணெய்த் துணியால் ஒரு இழுப்பு இழுத்தால் அதுவும் போய்விடும். ஷெட்டில் எல்லோரும் கேலி பண்ணினார்கள். கேலி பண்ணாமல் கற்றுக்கொண்டது ஒரே ஒருவன்தான். அவன் இடது கைக்காரன். கோடுகள் எதிர்ப்பக்கம் சரிந்திருந்தன.

செவ்வாய்க்கிழமையிலிருந்து லீவு. காய்ச்சலாம். 'பாவி, என்னடா பண்ணி வெச்சிருக்கே?'

பக்கத்து மேடையில் மண்ணெண்ணெய் டின் இருந்தது. அதன்மேல் துணியும் இருந்தது. ஒரு இழுப்பு. போட்டோ எடுப்பதற்கு முன்னால் தூசி துடைப்பது தினமும் செய்கிற வேலைதானே; யார் என்ன கேட்கப் போகிறார்கள்? தடம் போனால் டிரைவர்மேல் இருக்கிற சாட்சியமும் போகுமே, இரண்டு பேருமே பிழைப்பார்களே என்று மனசு கணக்குப் போட்டது. திருட்டுக் கணக்கு. போலீஸ்காரர்களிடம் போட்டோ இருக்கிறது. டிரைவர் பிழைக்க மாட்டான். பிழைக்கப் போவது தம்பி மட்டும்தான்.

கை துணியை எடுத்துவிட்டது. அது எப்போது போய் எடுத்தது என்று அவனுக்கே தெரியவில்லை.

"வலப்பக்கம் பம்பரை ஒரு போட்டோ" என்றார் அம்மா. எடுத்தான். "கீழ சேஸிஸ்." எடுத்தான். "இந்த மாதிரி அடிக்கிற கை இந்த ஊர்ல யாரோடதுன்னு உனக்கு ஏதாவது தோணுதா?"

"இல்ல மேடம்."

"சக்கர இடுக்குல புதுசா மண்ணு ஒட்டியிருக்கா?"

"இல்ல மேடம்."

அம்மா எதையும் காட்டிக்கொள்ளாமல் சேதப் படிவத்தை மடித்துக் கைக்குள் வைத்துக்கொண்டார். "தாகமா இருக்கு. குழாய் எங்க இருக்குன்னு காட்டு, வா."

ஷெட்டுக்குப் பின்னால், கழற்றிப்போட்ட கதவுகள் சாய்த்து வைத்த சுவரோரமாகக் குழாய் இருந்தது. அம்மா குழாயைத் திறக்கவில்லை.

"பதினோரு நிமிஷம்" என்றார்.

"என்ன மேடம்?"

"பதினோரு நிமிஷமா நீ ஒரு ஜோக் கூட அடிக்கலை. உன் அப்பா செத்த அன்னிக்குக் கூட, பாடை கட்டுறவன்கிட்ட என்னமோ சொல்லிச் சிரிக்க வெச்சே. அஞ்சு வருஷத்துல நீ ரெண்டு வார்த்தையில பதில் சொல்லி நான் கேட்டதே இல்லை. அப்புறம், கையில எதுக்கு அந்தத் துணி?"

லொடலொடா துணியைப் பார்த்தான். மண்ணெண்ணெய் அவன் விரலிடுக்கில் வழிந்துகொண்டிருந்தது.

"துடைச்சியா?"

"இல்ல. துடைக்கலை மேடம். துடைக்கப் போனேன். சத்தியமாத் துடைக்கத்தான் போனேன்."

"யாரு?"

அவன் சுவரைப் பார்த்துக்கொண்டே சொன்னான்.

"என் தம்பி. அது சைக்கிள் டயர் இல்ல, சுத்தியல்ல சுத்தின சைக்கிள் டியூப். நான் சொல்லிக் கொடுத்த வேலை மேடம். இந்த ஊர்ல ரெண்டே கைதான். ஒண்ணு இது." தன் வலது கையைத் தூக்கிக் காட்டினான். "இடது கை அவனோடது."

சர்வேயரம்மா நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அவருக்கும் சங்கடம்தான், அந்தத் தம்பியின் குழந்தைக்குப் போன மாதம்தான் சட்டை வாங்கிக் கொடுத்திருந்தார்.

"உனக்கு ஆறுதலுக்காகப் பொய் சொல்ல மாட்டேன். அவன்மேல கேஸ் வரும். ஆனா, அவனா நடந்து போய்ச் சொன்னா ஒரு மாதிரி. நான் எழுதிக் கொடுத்து, போலீஸ் வீடு தேடிப் போனா வேற மாதிரி. எழுதாம இருக்க என்னால முடியாது. உனக்கே தெரியும்."

"தெரியும் மேடம்."

"போன் பண்ணு."

மூன்று தடவை அடித்தும் எடுக்கவில்லை. நாலாவது தடவை மணி அடிக்கத் தொடங்குவதற்குள் எடுத்துவிட்டான். லொடலொடா வாயைத் திறப்பதற்கு முன்னாலேயே அந்தப் பக்கத்திலிருந்து குரல் வந்தது, உடைந்துபோன குரல்.

"அண்ணே... அந்த டிரைவரை விட்டுட்டாங்களா?"

லொடலொடா அப்படியே சுவரோரம் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். திட்டுவதற்கு என்று நெஞ்சில் சேர்த்து வைத்திருந்தது எல்லாம் கரைந்து போயிற்று.

"இல்லடா. விடலை."

"எனக்குத் தெரியாதுண்ணே! செவ்வாக்கிழமை விடியக்காலை அஞ்சரைக்கு பேக்கரி முதலாளி கூப்பிட்டாரு. 'பானெட் பெயின்ட் பழசாயிடுச்சு, இன்ஷூரன்ஸ் காசுல சரிபண்ணிக்கணும், நீ ஒரு அடி அடிச்சுக் கொடு, நாளைக்கு நீதானே நிமிர்த்தப் போறே'ன்னாரு. எல்லாரும் பண்றதுதானேன்னு நானும்... அடிச்சு, ஹெட்லைட்டையும் கழட்டி உடைச்சு மாட்டி முடிச்சு, துடைக்க மண்ணெண்ணெய் கேட்டேன். 'துடைக்காதே, அப்படியே இருக்கட்டும்'னு கையைப் பிடிச்சுட்டாரு. ஏன்னு அப்பப் புரியலை. பத்து மணிக்கு வாத்தியார் சமாசாரம் கேள்விப்பட்டப்பதான் புரிஞ்சது. அப்போலேருந்து எனக்குச் சோறு இறங்கலைண்ணே."

சர்வேயரம்மா போனுக்கு அருகே குனிந்தார். "அந்த இன்னொரு வேன் எங்கப்பா இருக்கு?"

"மேடமா? பேக்கரிக்குப் பின்னாடி மாவு குடோன்ல மேடம். தார்ப்பாய் போட்டு மூடி வெச்சிருக்காங்க. நேத்து மருமகன்காரர் வந்து, அதையும் சத்தமில்லாம சரிபண்ணிக் கொடுன்னு கெஞ்சினாரு. மடிப்பெல்லாம் போய், கிளிப்பெல்லாம் உடைஞ்சு கிடக்காம். நான் கதவைச் சாத்திட்டேன். இன்னும் யாரும் கை வைக்கலை."

ஞாயிற்றுக்கிழமையே வெளியூர் போன வேன்! அம்மா அங்கேயே தன் போனை எடுத்து இன்ஸ்பெக்டரைக் கூப்பிட்டார். "மாவு குடோன். தார்ப்பாய். மூணு மணிக்கு முன்னாடி" என்று அவர் சொன்னது லொடலொடாவின் காதில் அரைகுறையாக விழுந்தது.

"அண்ணே," என்றான் தம்பி. "நான் என்ன பண்ணட்டும்? நீ சொல்லு. பாப்பாவைத் தூக்கிக்கிட்டு இவ அம்மா வீட்டுக்குப் போயிடலாம்னு மூட்டை கூடக் கட்டிட்டோம்."

'போயிடு' என்று சொல்ல ஒரு நொடி போதும். அண்ணன் சொன்னால் அவன் போய்விடுவான். சின்ன வயசிலிருந்து அண்ணன் சொல்லைத் தட்டியதே இல்லை. லொடலொடாவுக்கு வாசலில் உட்கார்ந்திருப்பவளின் ஞாபகம் வந்தது. அவளும் அண்ணே என்றுதான் கூப்பிட்டாள். அவள் குரலும் இதே மாதிரிதான் நடுங்கியது.

"மூட்டையை அவிழ்த்துடு" என்றான். "குளிச்சிட்டு, ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுக் கிளம்பி ஸ்டேஷன் வாசலுக்கு வா. நான் அங்க நிக்கிறேன். உன்கூடவே உள்ள வருவேன். என்ன நடந்தாலும் உன் பொண்டாட்டி பிள்ளை என் வீட்டுல இருக்கும். அழாதடா. அந்தச் சுத்தியலையும் எடுத்துக்கிட்டு வா. சுத்தின டியூப்பை அவுத்துடாதே. நான் கட்டச் சொல்லிக் கொடுத்த கட்டு அப்படியே இருக்கணும்."

"சரிண்ணே" என்றான் தம்பி.

அவர்கள் ஷெட்டுக்குத் திரும்பியபோது பன்னிரண்டு அடிக்க ஐந்து நிமிஷம் இருந்தது. டிங்கர் ஒருவன் மரச் சுத்தியோடு தயாராக நின்றான்.

"முடிஞ்சுதா? கையெழுத்தைப் போடுங்கம்மா" என்று எழுந்தார் பேக்கரி முதலாளி.

சர்வேயரம்மா பானெட்டின்மேலேயே படிவத்தை வைத்து எழுதி, ஒர்க்ஷாப் முதலாளியின் கையில் கொடுத்தார். அவர் எழுத்துக்கூட்டி உரக்க வாசித்தார்: "சேதம் மோதலால் ஏற்பட்டதல்ல. போலீஸ் வரும்வரை வண்டியை யாரும் தொடக் கூடாது."

"என்ன விளையாடுறீங்களா? சைக்கிள் டயர் தடம் இருக்கு, போலீஸே எழுதியிருக்கு!"

"தடத்தைத் துடைக்காம விடச் சொன்னீங்களே, அது நீங்க பண்ணின பெரிய உபகாரம்" என்றார் அம்மா. "உட்காருங்க. உங்க மருமகன் வெளியூர்லேருந்து திரும்பிட்டாராம். குடோனுக்கு ஆள் போயிருக்கு."

பேக்கரி முதலாளியின் ஆடிக்கொண்டிருந்த கால் நின்றது. அவர் போனைத் தேடிச் சட்டைப் பையைத் தடவினார்; அது கையிலேயே இருந்தது. சாதாரணமாக இப்படி ஒரு காட்சி கிடைத்தால் லொடலொடா ஒரு வாரத்துக்குச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான். இன்று அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. துணியைக் கொண்டுபோய் மண்ணெண்ணெய் டின்மேல், இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வாசலுக்கு நடந்தான்.

டிரைவரின் மனைவி டயர் அடுக்கிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். "அண்ணே, ஏதாவது தெரிஞ்சுதா? அவர் வருவாரா?"

"வருவார்மா. இன்னிக்கே வந்தாலும் வந்துடுவார். என் தம்பி கூட்டிக்கிட்டு வருவான்."

அவளுக்கு நம்பவே முடியவில்லை. அழுகையும் சிரிப்புமாக முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவன் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். மண்ணெண்ணெய் நாற்றத்தை அவள் கவனித்ததாகத் தெரியவில்லை.

"உங்க தம்பி நல்லா இருக்கணும்ணே. அவர் பெரிய வக்கீலா?"

"இல்லம்மா" என்றான் லொடலொடா. "டிங்கர்."